நாளொன்றுக்கு 1440 மெகாவாட்னு எப்படிங்க போட்டீங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க. எங்கப்பா காலத்துல இருந்து உங்க பத்திரிகை எங்க வீட்டுக்கு வருது, அந்த உரிமையிலதான் எழுதறேன்.

போன வாரம் மேட்டூர் பத்தின கட்டுரையில "மேட்டூர் அனல் மின் நிலையத்தில் நாளொன்றுக்கு 1440 மெகாவாட் மின்சாரம் உற்பத்தியாகிறது"ன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. படிச்சதுல இருந்து மனசே ஆறலைங்க. 1440ங்கறது சரிதான், 210 மெகாவாட் மெஷின் நாலு, 600 மெகாவாட் மெஷின் ஒண்ணு, கூட்டினா அதான் வரும். ஆனா அந்த "நாளொன்றுக்கு" எங்கருந்து வந்துச்சு? மெகாவாட்ங்கறது மெஷினோட தெம்பு, நம்ம மோட்டாருக்கு ஹெச்பி மாதிரி. கெணத்துல 5 ஹெச்பி மோட்டார் வெச்சிருக்கற விவசாயி யாராச்சும் "இன்னிக்கு 5 ஹெச்பி ஓட்டினேன்"னு சொல்லுவாருங்களா? எத்தன மணி நேரம் ஓட்டினேன்னுதான சொல்லுவாரு. தெம்பையும் மணியையும் பெருக்கினாதான் யூனிட்டு வரும், 1 மெகாவாட் ஒரு மணி நேரம் ஓடினா ஆயிரம் யூனிட்டு. மேட்டூர்ல அஞ்சு மெஷினும் முழு தெம்புல 24 மணி நேரமும் நிக்காம ஓடினா 3 கோடியே 45 லட்சத்து 60 ஆயிரம் யூனிட்டு வரும். ஒரு நாளைக்குன்னு போட்டா யூனிட்டுலதான் போடணும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது இல்ல, ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒருத்தர் கண்ணுலயும் படலையேன்னுதான் வருத்தமா இருக்குது.

நான் அம்மாப்பேட்டையில மோட்டார் காயில் கட்டுற கடை வெச்சிருக்கேன், 1991ல இருந்து இதே வேலைதான். சுத்துவட்டாரத்துல தறிக்காரங்க மோட்டார் முக்காவாசி என் கையில வந்துதான் போகும். 415 வோல்ட் வரவேண்டிய எடத்துல 340 வந்தா மோட்டார் நிக்காது, அதே லோட இழுக்கறதுக்கு ஆம்ப்ஸ் கூட எடுக்கும், சூடாகி கம்பி மேல பூசின வார்னிஷ் கருகி காயிலு போயிரும். கவரக் கழட்டினதும் அந்த நாத்தம் மூக்குல ஏறும், ஸ்டேட்டருக்குள்ள, அதாவது மோட்டாரோட சுத்தாத பகுதிக்குள்ள, செம்புக் கம்பி தாளிச்ச மொளகா மாதிரி கருத்துக் கெடக்கும். வோல்ட்டு, ஆம்ப்ஸு, வாட்டு, யூனிட்டு நாலும் வேற வேறன்னு தெரியாததால எங்க சனங்க எவ்வளவு காச விட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியும்ங்க.

எங்க கதையையே சொல்றேன். 2023 தை மாசம் ரீடிங் எடுக்கறவரு 9 நாள் லேட்டா வந்தாரு. எங்களுக்கு நாளைக்கு 8 யூனிட்டு ஓடும், 60 நாளைக்கு 480, பில்லு 1605 வந்திருக்கணும். 9 நாள் சேந்து 552 ஆயிருச்சு. 500ஐத் தாண்டினா அப்போ இருந்த ரேட்டுப்படி 101ல இருந்து 200 வரைக்குமான யூனிட்டே 2.25ல இருந்து 4.50க்குப் போயிரும், 500க்கு மேல போனது யூனிட்டுக்கு 8 ரூபா. மொத்தம் 2366. 72 யூனிட்டுக்கு 761 ரூபா! போய்க் கேட்டா "அடுத்த தடவ நாள் கம்மியா வரும்ல, சரியாயிரும்"னாங்க. அடுத்த தடவ யூனிட்டு கொறைஞ்சுது, தாண்டினதுக்குக் கட்டின காசு யாரு திருப்பித் தந்தாங்க? இதப்பத்தி அப்பவே உங்களுக்கு ரெண்டு பக்கம் கணக்கோட எழுதி அனுப்பினேன், நீங்க போடல. எடம் இருந்திருக்காதுன்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

2012லயும் அப்படித்தாங்க. சென்னைக்கு 2 மணி நேரம் கரண்டு கட்டு, எங்களுக்கு அதவிடப் பல மணி நேரம் கூடப் புடுங்கினாங்க. நிலக்கரி எரியறது எங்க மாவட்டத்துல, சாம்பல் விழறது எங்க மாவட்டத்துல, தறிக்காரன் மட்டும் நடுராத்திரி கரண்டு வந்ததும் எந்திரிச்சுப் போயி தறி ஓட்டினான். அப்போ உங்க பத்திரிகையில சென்னையில ஏசி ஓடாம சிரமப்படறாங்கன்னு ஒரு பக்கம் வந்துச்சு. எங்களப் பத்தி ஒரு வரி இல்ல. இன்னும் மறக்கல.

ஏன் இப்ப இவ்வளவு கோவம்னா, ஏழாவது படிக்கிற என் பேரன் ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு உங்க கட்டுரைய வெட்டி சார்ட்டுல ஒட்டிட்டான். தப்புடா சாமின்னா "புக்குலயே போட்டிருக்கு தாத்தா"ங்கறான். அவனக் கூட்டிட்டுப் போயி எங்க மீட்டர் முன்னாடி நிக்க வெச்சேன். அதுல 3200னு அச்சு போட்டிருக்கு, அந்தச் சின்ன செவப்பு லைட்டு 3200 தடவ மின்னினா 1 யூனிட்டு. வீட்டுல எல்லாத்தையும் அமத்திட்டு 1000 வாட் அயர்ன் பாக்ஸ மட்டும் போட்டு ஒரு நிமிஷம் எண்ணச் சொன்னேன், 53 வந்துச்சு. 60 நிமிஷத்துக்குப் பெருக்கினா 3180, கிட்டத்தட்ட 1 யூனிட்டு. அவனுக்குப் புரிஞ்சிருச்சு, மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது. ஆனாலும் "மிஸ்ஸு புக்குல இருக்கறதத்தான் நம்புவாங்க தாத்தா"ன்னுட்டான். அதுக்கு நான் என்னங்க சொல்றது?

அதனால உங்கள நான் கேக்கறது ரெண்டே வரிதாங்க. அடுத்த இதழ்ல "நாளொன்றுக்கு என்று வந்தது தவறு, 1440 மெகாவாட் என்பது நிலையத்தின் மொத்தத் திறன்"னு ஒரு ஓரத்துல போட்டீங்கன்னா போதும். அத வெட்டி சார்ட்டுல ஒட்டிருவோம், பையனுக்கு அடுத்த திங்கக்கெழம வரைக்கும் டைம் இருக்குதுங்க.

இப்படிக்கு,
காயில் கட்டுற கடைக்காரர்,
அம்மாப்பேட்டை, சேலம்