செவிலியர் படிப்பில் சேருமுன் மருத்துவமனையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை சுவர்களிலும் பேருந்துகளின் பின்புறத்திலும் நர்சிங் கல்லூரி விளம்பரங்கள் பெருகிவிடுகின்றன. "நூறு சதவீத வேலைவாய்ப்பு", "வெளிநாட்டு வேலை உறுதி" என்ற வரிகள் அவற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன. அரசு மருத்துவமனைகளிலும், இடையில் சில ஆண்டுகள் வளைகுடா நாடொன்றிலும் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என்னிடம், பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்க விரும்பும் பெற்றோர் பலர் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். கட்டணம் எவ்வளவு, எந்த நாட்டில் சம்பளம் கூடுதல், எத்தனை ஆண்டில் கடனை அடைக்கலாம் என்று அவர்கள் கேட்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால், அந்தக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் எந்த மருத்துவமனையில், எத்தனை நோயாளிகளைப் பார்த்துத் தொழில் படிக்கிறார்கள் என்ற கேள்வியை ஏறத்தாழ எவருமே கேட்பதில்லை. மற்ற எல்லாவற்றையும் விட முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இம்மாவட்டத்துக்கும் மருத்துவமனைப் பணிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-இல் நெய்யூரில் தொடங்கிய மருத்துவப் பணியும், எவரெஸ்ட் பயணக் குழுவில் இடம்பெற்றிருந்த அறுவை மருத்துவர் சாமர்வெல் அதே நெய்யூரில் ஆற்றிய நீண்ட காலச் சேவையும், வடசேரியில் இரட்சணிய சேனை நடத்திவரும் கேதரின் பூத் மருத்துவமனையும் நம் பெண்கள் பல தலைமுறைகளாக இந்தப் பணிக்குத் துணிந்து வர வழி திறந்தவை. இன்று ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நாள் முழுவதும் நோயாளிகளால் நிறைந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி 91.75 சதவீத எழுத்தறிவு பெற்ற மாவட்டத்தில் படித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்கள் எங்கே, எப்படிப் பயிற்சி பெறுகிறார்கள் என்பதில்தான் என் கவலை இருக்கிறது.

செவிலியர் படிப்பில் பாதிக்கு மேல் வகுப்பறைக்கு வெளியே நடப்பது. வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவு 12 மணிக்கு அவருடைய நாடித் துடிப்பு 84. ஒரு மணிக்கு 96. இரண்டு மணிக்கு 112. இரத்த அழுத்தம் இன்னும் சரியாகவே இருக்கிறது. கட்டுத்துணியில் ஒரு துளி இரத்தம் இல்லை. "தாகமா இருக்கு சிஸ்டர்" என்கிறார், கட்டிலில் நிலைகொள்ளாமல் புரள்கிறார், கையைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருக்கிறது. உள்ளே இரத்தக் கசிவு தொடங்கியிருக்கலாம், இரத்த அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்று அந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்து உணர்ந்து, தூங்கும் மருத்துவரைத் தயங்காமல் எழுப்புகிறவர்தான் செவிலியர். நாடி முதலில் ஏறும், அழுத்தம் பிறகே இறங்கும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. தேர்வில் அனைவரும் சரியாகவே எழுதுகிறார்கள். ஆனால் நள்ளிரவில், முப்பது நோயாளிகளுக்கு நடுவே, அந்த ஒருவரின் கட்டிலருகே மட்டும் கால் தானாக நின்றுவிடும் பழக்கம், மூத்த செவிலியர் ஒருவரின் பின்னால் பல மாதங்கள் நடந்த பிறகுதான் வரும். நோயாளிகளே வராத மருத்துவமனையில் பயிற்சி பெற்ற பிள்ளைக்கு அது எங்கிருந்து கிடைக்கும்?

இந்திய செவிலியர் மன்றத்தின் விதிமுறைகள் பி.எஸ்சி. நர்சிங் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனையை எதிர்பார்க்கின்றன; ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதத்தையும் வைத்திருக்கின்றன. காகிதத்தில் இவை நிறைவேறியிருக்கலாம். படுக்கையில் ஆள் இருக்கிறார்களா என்பதைப் பெற்றோர்தான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் குளிர்சாதன அறையில் அமர்ந்து கட்டண விவரத்தை வாங்கிக்கொண்டு திரும்பாமல், ஒரு வேலைநாளில் காலை 10 மணிக்கு அதன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புறநோயாளிகள் வரிசை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். இறுதியாண்டு மாணவிகளிடம், இந்த மாதம் எந்த வார்டில் போஸ்டிங், பிரசவ அறையில் கையால் பிரசவம் பார்த்ததுண்டா, அல்லது நின்று பார்த்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினீர்களா என்று அன்பாகக் கேளுங்கள். மனநலப் பிரிவுக்கும் ஊரகச் சுகாதாரப் பயிற்சிக்கும் எங்கே அனுப்பப்படுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்கள். அவர்கள் பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படிப்புகளின் வேறுபாடு பலருக்குத் தெரிந்ததே என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுகள்; ஜி.என்.எம். எனும் பொதுச் செவிலியர், மகப்பேறு பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள், ஏ.என்.எம். எனும் துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டுகள். மேற்படிப்பு, ஆசிரியப் பணி, வெளிநாடு என்று எண்ணமுள்ளவர்களுக்கு முதலாவது நல்லது. ஜி.என்.எம். முடித்தவர்கள் பின்னர் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் படிப்பின் மூலம் பட்டம் பெறலாம் என்பதால், பணவசதி குறைந்த குடும்பங்கள் அதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. இவற்றுக்கு ஒப்பான பெயர்களோடு ஆறு மாதம், ஓராண்டு என்று நடத்தப்படும் உதவியாளர் பயிற்சிகளும் உள்ளன. அவற்றை முடிப்பவர்கள் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு செவிலியர் மன்றத்தில் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாதவரைச் செவிலியர் என்று சட்டம் ஏற்பதில்லை. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளிலிருந்து தரகர்கள் வழியாகக் கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் படிக்கச் செல்லும் பிள்ளைகள் ஏராளம். அப்படிச் செல்பவர்கள், அந்தக் கல்லூரிக்கு அந்த மாநில மன்றத்தின் ஏற்பும் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கின்றனவா, படித்து முடித்தபின் நம் மாநிலத்தில் பதிவை மாற்றிக்கொள்ள முடியுமா என்பதை மன்ற அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டுவது நல்லது. தரகரின் வாய்மொழி போதாது.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். ரப்பர் விளையை ஒற்றி வைத்தும், தாயின் நகையை அடகு வைத்தும் கட்டணம் கட்டுகிற குடும்பங்களை நான் அறிவேன். பொதுத்துறை வங்கிகளின் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. வட்டிக்காரரிடம் போகுமுன் இவற்றை விசாரியுங்கள். சில கல்லூரிகளும் மருத்துவமனைகளும் மாணவியின் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, இத்தனை ஆண்டு இங்கேயே வேலை செய்தால்தான் தருவோம் என்று பத்திரம் எழுதி வாங்குவது பெரும் அநீதி. என் உறவினர் மகள் ஒருத்தி, நல்ல வேலைக்கு அழைப்பு வந்தும் சான்றிதழ் கைக்கு வராததால் அதை இழந்தாள். சேரும் நாளிலேயே அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். மறுக்கும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

வேலை கிடைத்தபின் வரும் சம்பளம் விளம்பரத்தில் உள்ளது போல இருக்காது. உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டு உத்தரவின்படி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவை அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தொகையை எட்டாத பல தனியார் மருத்துவமனைகள் இருப்பதை இத்துறையில் இருப்போர் அனைவரும் அறிவர். அரசுப் பணியிலும், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் முறையாகத் தேர்வெழுதி வென்றவர்கள் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டு, 7,700 ரூபாயில் தொடங்கி 14,000, 18,000 என்று உயர்ந்த ஊதியத்தோடு நிரந்தரப் பணிக்காகப் பல ஆண்டுகள் போராடி வருவதை உங்கள் நாளிதழிலேயே படித்திருக்கிறோம். எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களில் நர்சிங் அலுவலருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். அதற்கான நார்செட் தேர்வுக்கு நம் மாவட்டப் பிள்ளைகள் இன்னும் பெருமளவில் தயாராக வேண்டும் என்பது என் விருப்பம்.

உடலும் இந்தப் பணிக்கு விலை கொடுக்கிறது. எட்டு மணி நேரம் நின்றே செய்யும் வேலையில் கால் இரத்த நாளங்கள் சுருண்டு தடிப்பதும், நினைவிழந்து கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதால் இடுப்பு வலி வருவதும் சாதாரணம். பயிற்சிக்குப் போகுமுன்பே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் பிள்ளைக்குப் போட்டுவிடுங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடக் கூடாது என்ற ஒரு விதியை அவர்கள் முதல் நாளே மனத்தில் பதிக்க வேண்டும். ஊசி குத்திவிட்டால் திட்டுக்குப் பயந்து மறைக்காமல் உடனே தெரிவிக்க வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன், அதிலும் முதல் சில மணி நேரமே சிறந்தது. இரவுப் பணியைக் காரணம் காட்டிப் பெண் கேட்டு வருபவர்கள் முகம் சுளிப்பது இன்னும் முழுதாக ஒழியவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் மகளைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்று நான் வெளிப்படையாகவே சொல்லி வருகிறேன். ஆண் பிள்ளைகளும் இத்துறைக்குத் தாராளமாக வரலாம். அவசரச் சிகிச்சை, டயாலிசிஸ், மனநலப் பிரிவுகளில் அவர்களுடைய தேவை மிகுதி.

மலம், சிறுநீர், சீழ், வாந்தி இவற்றைக் கண்டு முதல் மாதம் குமட்டுவது இயல்பு, பழகிவிடும். ஆகவே அதற்காக எந்தப் பிள்ளையும் பின்வாங்க வேண்டாம். ஆனால் முதியவர் ஒருவர் அதே கேள்வியைப் பத்தாவது முறை கேட்கும்போது எரிச்சலை அடக்க முடியாத பிள்ளையும், மருந்தின் பெயரையும் அளவையும் இரண்டாம் முறை சரிபார்க்கச் சோம்பல்படும் பிள்ளையும் நன்றாக யோசித்தே வர வேண்டும். வீட்டில் நோயுற்ற பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் விதத்திலேயே இதைப் பெற்றோர் ஓரளவு கண்டுகொள்ளலாம்.

வெளிநாடு செல்ல விரும்புவோரை நான் தடுப்பவளல்ல; நானும் சென்றவள்தான். ஆயினும் சான்றிதழ் கையில் வந்த உடனே விமானம் ஏறிவிடலாம் என்ற எண்ணம் தவறு. வளைகுடா வேலைகளுக்குப் பெரும்பாலும் முன் அனுபவம் கேட்கிறார்கள். அங்கே பணி உரிமம் பெற, புரோமெட்ரிக் போன்ற தேர்வுகளில் தேற வேண்டும். டேட்டாஃபுளோ எனும் சான்றிதழ் சரிபார்ப்பில், நாம் காட்டும் அனுபவச் சான்றிதழைத் தந்த மருத்துவமனையையே நேரடியாகத் தொடர்புகொண்டு கேட்கிறார்கள். பணம் கொடுத்து வாங்கிய போலிச் சான்றிதழ் அங்கே பிடிபட்டால், பின்னர் நேர்மையாக முயன்றாலும் கதவு திறக்காது. பிரிட்டனுக்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கில மொழித் தேர்வும், ஜெர்மனிக்குப் பொதுவாக பி2 அளவு ஜெர்மன் மொழியும், அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் எனும் செவிலியர் உரிமத் தேர்வும் வேண்டும். மொழிப் பயிற்சியைப் படிக்கும்போதே தொடங்கியவர்கள் முந்திக்கொள்கிறார்கள். வளைகுடா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்குச் செல்லும் செவிலியருக்கு 2015 முதல் இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. பல லட்சம் ரூபாய் பறித்த முகவர்களின் கொடுமையே அதற்குக் காரணம். பதிவு பெற்ற முகவரே ஆனாலும் சட்டப்படி 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கும்போது, மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ மாடியறையில் பெயர்ப்பலகை மாட்டியவரிடம் நிலப்பத்திரத்தை ஏன் கொடுக்க வேண்டும்?

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தேர்வு முடிவுகள் வெளியானபின் சேர்க்கை தொடங்கும்வரையுள்ள வாரங்களில், செவிலியர் படிப்பை விரும்பும் மாணவ மாணவியரைப் பெற்றோருடன் சிறு குழுக்களாக ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்கு அழைத்து, ஒரு முற்பகல் வார்டுகளைச் சுற்றிக் காட்டவும், பணியிலுள்ள செவிலியர் ஒருவரோடு அரை மணி நேரம் பேச வைக்கவும் ஏற்பாடு செய்யலாம். நோயாளிகளின் தனிமைக்குக் குந்தகம் வராமல் இதைச் செய்ய முடியும். மாவட்டத்தில் ஏற்பு பெற்ற கல்லூரிகளின் பட்டியலையும், ஒவ்வொன்றின் பயிற்சி மருத்துவமனை, அதன் படுக்கை எண்ணிக்கை ஆகியவற்றையும் ஆட்சியர் அலுவலகம், பள்ளிகள் ஆகியவற்றின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் தரகர்களின் வேலை பாதி குறையும். என்னைப் போல ஓய்வுபெற்ற செவிலியர் பலர் இம்மாவட்டத்தில் இருக்கிறோம். அழைத்தால் எங்கள் செலவிலேயே வந்து பிள்ளைகளோடு பேசத் தயாராக இருக்கிறோம் என்பதை உங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தக்கலை.