ஆச்சியின் பெயரும் அவளுடைய பெயரும்

சேரன்மகாதேவி,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள செல்விக்கு,

நலம். உன் நலமும் அண்ணன், பிள்ளைகள் நலமும் அறிய ஆவல். தீபாவளிக்கு வந்த உன் கடிதத்துக்கு மாசி பிறந்தும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். நீ கோபமாகத்தான் இருப்பாய், இருக்கவும் வேண்டும். ஆனாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை அந்தக் கோபத்தை மூட்டை கட்டி வை. எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் குழந்தை வரப்போகிறாள். அவளுக்கு ஐந்து வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது.

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை செய்தி வந்தபோது இங்கே யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. பிசான அறுப்பு முடிந்து நெல் களத்தில் கிடந்தது. வானம் மூடுகிற நேரமெல்லாம் அவர் உரக்கடையை அப்படியே விட்டுவிட்டுக் களத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். அத்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பதாவது நாள் என்பதால் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டியிருந்தது. பையனுக்குக் காய்ச்சல், எனக்குப் பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுத் தாள்கள். நான்காம் பாடவேளை முடிந்து அலைபேசியை எடுத்துப் பார்த்தால், மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் தளத்திலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. 48 மணி நேரத்துக்குள், அந்தக் குழந்தையை எங்களுக்கென்று ஒதுக்கி வைக்கச் சொல்லி நாங்கள் பதில் கொடுக்க வேண்டும்.

2022 அக்டோபரில் பதிவு செய்தது உனக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்து எழுதிய குடும்ப ஆய்வு அறிக்கை மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால், இந்தப் புத்தாண்டு பிறந்ததிலிருந்து நாள்காட்டியைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. கைக்குழந்தையாக ஏன் கேட்கவில்லை என்று நீ எழுதியிருந்தாய். பதிவு செய்த அன்று எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் 88 வந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையென்றால் அந்தக் கூட்டுத்தொகை 85-ஐத் தாண்டக் கூடாது. நான்கிலிருந்து எட்டு வயது வரை 100 வரைக்கும் போகலாம். சட்டம் அப்படிச் சொன்னதால் தொடங்கியதுதான் என்றாலும், யோசிக்க யோசிக்க, வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு என்பது எனக்கு உறைத்தது. பிறகு கைக்குழந்தை என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

இடையில் உறவுக்காரர் ஒருவர், "எதுக்கு வருசக்கணக்காக் காத்துக் கிடக்கிய? எனக்கு ஆள் தெரியும், ஒரு மாசத்துல பிள்ளையைக் கொண்டாந்து கையில தாரேன்" என்று வீட்டு வாசலில் நின்றே சொன்னார். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு என்று கொழுந்தன் எடுத்துச் சொன்ன பிறகுதான் பேச்சை நிறுத்தினார். சட்டம் கிடக்கட்டும், பெற்றவள் யாரென்றும் அவள் மனமொப்பிக் கொடுத்தாளா என்றும் தெரியாமல் ஒரு பிள்ளையைத் தூக்கி வந்து, அந்தப் பிள்ளையின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? முறைப்படி ஒப்படைக்கிற தாய்க்குக்கூட மனம் மாறினால் திரும்ப வந்து வாங்கிக்கொள்ள 60 நாள் அவகாசம் இருக்கிறது. அந்த 60 நாளை நினைத்தால், நாங்கள் காத்திருந்த காலம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

செவ்வாய் இரவு நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு அவர் வர மணி பத்தரை ஆயிற்று. அதன் பிறகு கொழுந்தனின் மடிக்கணினியில் அவளுடைய அறிக்கையைத் திறந்தோம். மருத்துவ அறிக்கையை மறுநாள் பாளையங்கோட்டையில் நம் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மற்றொரு அறிக்கை. குழந்தையோடு பழகியவர்கள் எழுதியது அது. கட்டிலில் படுக்க மாட்டாள், பாயில்தான் தூங்குவாள். காலையில் எழுந்ததும் பாயைத் தானே சுருட்டிச் சுவரோரம் நிமிர்த்தி வைப்பாள். பெயர் சொல்லி அழைத்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உடனே வருவாள். இந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. புதன்கிழமை மாலை, களத்துத் தூசி அப்பிய கையோடு அவரே பொத்தானை அழுத்திச் சம்மதம் கொடுத்தார்.

அந்தக் கடைசி வரிதான் இப்போது வீட்டில் பெரிய பிரச்சினையாகிவிட்டது, செல்வி.

அத்தையின் மாமியார் ஆவுடையம்மாள் ஆச்சியைப் பற்றி நீ இந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நிறையக் கேட்டிருக்கிறாய். தாத்தா போன பிறகு ஆற்றுப்பாசன நிலத்தைத் தனியாளாகக் கட்டிக் காத்தவர். நம் பக்கத்து வழக்கப்படி அவர் பெயரைப் பேத்திக்கு விட வேண்டும். அத்தைக்குப் பிறந்தது மூன்றும் ஆண், எனக்கும் பையன். ஆக, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த வீட்டில் இரண்டு தலைமுறையாக ஆளில்லை. குழந்தை வருகிறாள் என்றதும் கண்ணில் கருப்புக் கண்ணாடியோடு அத்தை சாமி அறைக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்து, "ஆவுடை வாரா" என்று சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, "அத்தை, அவளுக்குப் பெயர் இருக்கிறதே" என்று சொன்னபோது அவர் முகம் சுண்டிப்போனதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

அவர் சொல்கிற காரணத்தையும் நான் லேசாகத் தள்ளிவிட முடியாது. "ஆச்சி பேரை விட்டாத்தான் அவ நம்ம வீட்டுப் பிள்ளை. இல்லைன்னா நாளைக்கு ஊரு அவளை வந்த பிள்ளைன்னு சொல்லும்" என்கிறார். பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற பதைப்புத்தான் அது. ஆனால் அந்தக் குழந்தை ஐந்து வருடமாகத் தனக்கென்று வைத்திருப்பது அந்தப் பெயர் ஒன்றைத்தான். உடுப்பு அந்த இல்லத்தினுடையது, தட்டு அந்த இல்லத்தினுடையது, பாயும் அப்படித்தான். இங்கே வருகிற அன்று அவள் கூடவே கொண்டு வரக்கூடியதை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே வா என்று நான் எப்படிச் சொல்வேன்?

விடுதியில் மூன்று கோமதிகள் இருந்தோம் என்று வார்டன் அக்கா என்னை மூன்று வருடமும் "மூணாம் நம்பர்" என்றே கூப்பிட்டது உனக்கு மறந்திருக்காது. நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள், நீதான் அதிகம் சிரித்தாய். நான் முதல் வருடம் முழுவதும் ராத்திரிகளில் போர்வைக்குள் அழுததை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அப்போது எனக்குப் பதினேழு வயது. மாதம் ஒரு முறை வீட்டுக்குப் போனால் கோமதி என்று கூப்பிட அம்மா இருந்தாள். அப்படியும் எனக்கு அவ்வளவு வலித்தது.

அவர் சமாதானம் பேசுகிறார்: பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார். கொழுந்தன் வக்கீல் அல்லவா, அவர் வேறு அவசரப்படுத்துகிறார். 2022 செப்டம்பர் 1 முதல் தத்து ஆணையை நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். விண்ணப்பித்தால் இரண்டு மாதத்துக்குள் ஆணை வந்துவிட வேண்டும். எங்களைப் பெற்றோராகக் காட்டும் பிறப்புச் சான்றிதழும் அதை வைத்துத்தான் வாங்க வேண்டும். ஆகவே என்ன பெயர் என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்ற அலையக் கூடாது என்கிறார்.

ஐந்து வயது முடிந்த குழந்தையென்றால் அவளுடைய சம்மதத்தையும் கேட்பார்கள். நாங்கள் அவளைப் பார்க்கப் போகிற அன்று, அவளும் எங்களைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் அத்தை, "அப்படின்னா பேரையும் அவகிட்டயே கேட்ருவோம்" என்றார். எனக்கு முதலில் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ராத்திரி முழுவதும் யோசித்துப் பார்த்தேன். ஒரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளை எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லும். அந்தச் சரியை வாங்கிக்கொண்டு, பிள்ளையே ஒப்புக்கொண்டாள் என்று நாம் சொல்வது பெரிய பாவம். அவளிடம் இதைக் கேட்கவே கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வேண்டுமென்றால் ஆவுடையம்மாள் ஆச்சியின் கதையை அத்தை அவளுக்கு இரவில் சொல்லட்டும். பிற்பாடு வளர்ந்து அவளே அந்தப் பெயரைக் கேட்டால் அதைத் தடுக்க நான் யார்?

நேற்றுச் சாயங்காலம் ஒன்று நடந்தது. கண்ணில் கருப்புக் கண்ணாடியோடு அத்தை பையனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆட்டோவில் பத்தமடைக்குப் போய், சிறு பிள்ளை படுக்கிற அளவுக்கு ஒரு கோரைப்பாய் நெய்யச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கல்யாணப் பாய்களில் மாப்பிள்ளை பெண் பெயரைச் சேர்த்து நெய்கிறவர்கள் அல்லவா, அங்கேயும் பழக்கத்தில் என்ன பெயர் போடட்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு, "பேரு வேண்டாம், ரெண்டு பக்கமும் செவப்புக் கரை மட்டும் போடு" என்று சொன்னாராம். பையன்தான் வந்து என்னிடம் சொன்னான். அத்தை என்னிடம் இதைப் பற்றி எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ராத்திரி சொட்டு மருந்து விடும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்குச் சொதி பிடிக்குமாட்டி?" என்று கேட்டார். அறிக்கையில் அது இல்லை, தெரியவில்லை என்றேன்.

அவளுடைய படத்தை உடனே அனுப்பு என்று நீ ஒற்றைக் காலில் நிற்பாய். அனுப்ப மாட்டேன், வருத்தப்படாதே. இப்படிப்பட்ட குழந்தைகளின் பெயரையும் படத்தையும் வெளியே விடக் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் அனுப்பியிருக்க மாட்டேன். பெயரையும் அதனால்தான் இதில் எழுதவில்லை. நீ வந்து அவள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்.

வருகிற புதன்கிழமை நான், அவர், பையன் மூவரும் அவளைப் பார்க்கப் போகிறோம். கண் ஆறும் வரை அவ்வளவு தூரம் பயணம் கூடாது என்று மருத்துவர் சொன்னதால் அத்தை வரவில்லை. எல்லாம் கூடி வந்தால் பங்குனியில் அவள் வீட்டில் இருப்பாள். நீ உடனே ஓடி வந்துவிடாதே. சித்திரை விடுமுறையில் பிள்ளைகளோடு வந்து ஒரு வாரம் தங்கு. பெரிய பொம்மை எதுவும் வாங்கி வராதே. உன் சின்னவளின் பழைய பாவாடை சட்டைகள் நல்ல நிலையில் இருந்தால் மட்டும் கொண்டு வா.

அவளை நீ முதன்முதலில் கூப்பிடும்போது, செல்லப் பெயர் எதுவும் வைக்காமல் அவள் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிடு. உன் நாக்கு சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை எனக்காகக் கேள்.

அண்ணனுக்கு என் வணக்கம். புதன் இரவு எவ்வளவு நேரமானாலும் உனக்குப் போன் செய்கிறேன்.

உன்,
கோமதி