மாதிரிக் கட்டுரை ஏன் கொடுப்பதில்லை?

அன்புள்ள பெற்றோருக்கு,

"மற்ற இடங்களில் கட்டுரை எழுதிக் கொடுத்துப் பாடமாக்க விடுகிறார்கள், இங்கே கொப்பியில் ஒன்றும் இல்லையே" என்று சென்ற கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். தரம் 9 தமிழ்ப் பாடத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

சுவாமி விபுலானந்தர் பற்றிய இரண்டு கட்டுரைகளை, எழுதியவர் பெயரை மறைத்து ஆசிரியர் கொடுத்தார். முதலாவதில் "தமிழ்த்தாயின் தவப்புதல்வர்", "அணையா விளக்கு" என்று வரிக்கு வரி அலங்காரம். கையெழுத்தும் முத்துமுத்தாக இருந்தது. இரண்டாவதில் ணகர னகரப் பிழைகள், பந்தி பிரிப்பே இல்லை. சுவாமி 1947இல் காலமாகி, அதற்குப் பிறகுதான் 1892இல் காரைதீவில் பிறக்கிறார்! எது நல்லது என்றதும் அநேகமாக எல்லாரும் முதலாவதற்கே கை உயர்த்தினார்கள்.

அப்புறம் முதலாவதில் விபுலானந்தர் பெயரை வெட்டி, ஆறுமுக நாவலர் பெயரைப் போட்டு வாசிக்கச் சொன்னார். ஒரு வசனமும் இடறவில்லை. வகுப்பே சிரித்துவிட்டது. இரண்டாவதில் அந்த விளையாட்டு எடுபடவில்லை. வழக்கொழிந்த யாழைப் பழைய நூல்களிலிருந்து ஆராய்ந்து யாழ்நூல் எழுதியவர், அது வெளிவந்த ஆண்டிலேயே மறைந்தவர் என்றால் அந்த இடத்தில் வேறு யாரை வைப்பது? அதோடு, யாருமே வாசிக்காத ஒரு கருவிக்கு ஏன் இத்தனை வருட உழைப்பு என்று அந்தப் பிள்ளை கேட்டு, தானே பதிலும் தேடியிருந்தது.

பிழைகளை விட்டுவிடவில்லை. அடுத்த நாள் அதே கட்டுரையைக் குழுக்களாகத் திருத்தினார்கள். ஒரு குழு மட்டும் 1947ஐ முன்னுக்கே வைத்தது. "யாழ்நூலில் தொடங்கினால்தான் மேலே வாசிக்கத் தோன்றும்" என்று வாதாடி, கூடுதல் புள்ளியும் வாங்கியது.

நானும் பாடமாக்கிய ஆள்தான். 'மழைக்காலம்' கட்டுரையோடு சோதனைக்குப் போக, 'வெள்ளம்' என்று தலைப்பு வந்தது. மழையையே எழுதிவிட்டு வந்தேன்.

ஆகவே வீட்டில் வசனம் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பிள்ளை எழுதியதை உரத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், போதும். இந்தத் தவணை புள்ளி கொஞ்சம் குறையலாம், அதற்கு ஏசாதீர்கள்.

அடுத்த தலைப்பு 'எங்கள் வாவி'. பாடும் மீனை எல்லாரும் எழுதுவார்கள். வாவியில் தொழில் செய்யும் தகப்பன்மார், தோணி தள்ளும் நேரத்தையும் இறால் படும் இடத்தையும் பிள்ளையிடம் சொல்லுங்கள். கொப்பி வெள்ளிக்கிழமை வர வேண்டும்.

இப்படிக்கு,
அதிபர்