சமுதாய வானொலி மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் மாணவர்கள், முன்னாள் மாணவர்கள், ஆசிரியர்கள், நம் ஒலிபரப்பில் குரல் கொடுத்துவரும் சுற்றுவட்டார ஊர்மக்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நிலையம் எப்படி நடந்தது, எங்கே இடறியது, புதிய அணி எதை எல்லாம் தெரிந்துகொண்டு பொறுப்பேற்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக வரலாறு. அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு வானொலி நடத்தும் அனுமதி கிடைத்தது. அந்த வழியில் நாட்டிலேயே முதலாவதாக, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004 பிப்ரவரி 1 அன்று 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது 2006இல்தான். தெலங்கானா பகுதியில் கிராமத்துத் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ 2008 அக்டோபரில் வந்தது. மாணவர்களுக்கு முதலில் கிடைத்த உரிமை இது. ஆனால் மாணவர்களுக்காக மட்டும் கிடைத்ததல்ல. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது விதி. கல்லூரிக் கலைவிழாப் பதிவுகள் இந்த ஆண்டும் அளவுக்கு மீறி இடம்பிடித்தன. அவை ஊர்ப் பக்கம் கேட்பவருக்கு எதுவும் தருவதில்லை என்பது செயற்குழுவின் உறுதியான கருத்து.

இனி டிரான்ஸ்மிட்டர். நம்முடையது 50 வாட். விதி அனுமதிப்பது, ஆன்டெனாவிலிருந்து வெளிப்படும் கணக்கில், 100 வாட் கதிர்வீச்சுத் திறன். ஆன்டெனா உயரம் தரையிலிருந்து 30 மீட்டருக்குள். அரை அங்குலக் கேபிள் 40 மீட்டர் ஓடும்போது ஏறத்தாழ 0.9 டெசிபல், அதாவது திறனில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, கேபிளிலேயே தீர்ந்துபோகிறது. மேலே போய்ச் சேருவது 40 வாட்டுக்குச் சற்றுக் கூடுதல். நம் ஆன்டெனாவான இரட்டை டைபோல் அதை ஏறக்குறைய இரு மடங்காக்கித் தருவதால் வரம்பை ஒட்டி நிற்கிறோம். பெரிய டிரான்ஸ்மிட்டர் வாங்கினால் தொலைவு கூடும் என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது யோசனை சொல்கிறார்கள். வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் ஏறும். உயரத்தை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் வரை ஏறும். வாட்டும் உயரமும் வரம்புக்குப் பக்கத்தில் நிற்கும் நமக்கு, இருக்கும் திறன் வீணாகாமல் பார்த்துக்கொள்வதே மிச்சமுள்ள வழி.

அப்படி வீணானதுதான் ஐப்பசி மழையில் வந்த பழுது. ஆன்டெனா வழியே வெளியேறாமல் டிரான்ஸ்மிட்டருக்கே திரும்பிவரும் திறன் வழக்கமாக அரை வாட்டுக்கும் கீழே இருக்கும். மழை நாட்களில் அது 2 வாட்டுக்கு ஏறியது; வெயில் அடித்ததும் இறங்கியது. 50 வாட்டில் 2 வாட் திரும்பினால் அலைநிலை விகிதம் (எதுவும் திரும்பாவிட்டால் இது 1) 1.5. அது 5.5 வாட்டானால் விகிதம் 2. அந்த நிலையில் டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே திறனைக் குறைத்துக்கொள்ளும். ஸ்டுடியோவில் கேட்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. எல்லைக் கிராமங்களில் முதலில் இரைச்சல், பிறகு வேறு நிலையம்.

பழுதைப் பிடித்த முறையைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்து, ஆன்டெனா கேபிளைக் கழற்றி, ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வாங்கி வெப்பமாக்கும் டம்மி லோடைப் பூட்டி மீண்டும் இயக்கினோம். திரும்பும் திறன் பூஜ்யம். ஆகவே டிரான்ஸ்மிட்டர் நலம். மழை விட்டதும் அதே லோடைக் கேபிளின் மேல்முனையில் பூட்டியபோது அளவு மறுபடி ஏறியது. கோளாறு கேபிளில்தான். மேல்முனைக் கனெக்டரைத் திறந்தால் செம்பு பச்சை பூத்திருந்தது. பளபளப்பான செம்பு தெரியும்வரை கேபிளை வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினோம். ஓடு வேய்வதுபோல மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மீது படிய வேண்டும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே இழுக்கும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் அதைக் கீழ்நோக்கி வளைத்து விட்டிருக்கிறோம்; சொட்டு அங்கேயே விழுந்துவிடும். அந்த வளைவை அழகுக்காக யாரும் நேராக்கிவிட வேண்டாம்.

ஆன்டெனாவோ லோடோ பூட்டாமல் டிரான்ஸ்மிட்டரை ஒருபோதும் போடக்கூடாது. மின்சாரம் திரும்பியதும் 10 வாட்டில் தொடங்கி, திரும்பும் அளவைப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். இடி இடிக்கும்போது டிரான்ஸ்மிட்டரை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். ஆன்டெனா கேபிளைத் தொடாதீர்கள். எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுவது தோட்டக்காரர் வேலையல்ல, நம் வேலை. மண் காய்ந்தால் எர்த் தடை ஏறும். சித்திரை, வைகாசியில் வரும் கோடை இடிதான் மிக ஆபத்தானது.

ஒலித்தரம் சென்ற ஆண்டைவிட மேம்பட்டிருக்கிறது. மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிராக அல்லாமல் சற்றுச் சாய்வாக உட்கார்ந்தால் 'ப' ஒலி வெடிப்பது நின்றுவிடும். பதிவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். எஃப்எம்மில் மேல்சுருதி ஒலிகளை முன்கூட்டியே தூக்கித்தான் அனுப்புகிறார்கள். அதனால் 'ஸ', 'ஷ' கூர்மையாக விழும் குரல்கள், அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டரில் முதலில் இடித்துக் கரகரக்கும். அந்தக் குரல்களுக்குப் பதிவிலேயே அளவைக் குறையுங்கள். வெளிப்பதிவுக்குப் போனால் பேச்சு முடிந்தபின் அரை நிமிடம் அந்த இடத்தின் வெறும் ஓசையையும் பிடித்து வாருங்கள். வெட்டி ஒட்டிய இடம் தெரியாமல் மறைக்க அது வேண்டும். கும்மி, தெம்மாங்கு பாடித் தந்த பெண்களிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்றிருக்கிறோம். இந்தப் பழக்கம் தொடர வேண்டும்.

ஒலிபரப்பியது அனைத்தையும் மூன்று மாதம் பாதுகாக்க வேண்டியது சட்டக் கடமை. 64 கிலோபிட் எம்பி3யாகப் பதிந்தால் மணிக்கு சுமார் 29 எம்பி. நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 90 நாளுக்கு 21 ஜிபிக்குள் அடங்கும். ஆக இடம் ஒரு பிரச்சினையே இல்லை. மிக்சரிலிருந்து பதியாமல், தனி ரேடியோ ஒன்றில் காற்றலையிலிருந்து வாங்கிப் பதிகிறோம். டிரான்ஸ்மிட்டர் நின்றுபோனாலும் மிக்சர் பதிவு ஒழுங்காகத்தான் காட்டும், அது சாட்சியாகாது.

செய்திகளைப் பொறுத்தவரை, ஆகாசவாணிச் செய்தியை மாற்றமின்றி மறு ஒலிபரப்புச் செய்யலாம்; நாமாகத் தயாரிக்க முடியாது. மழை எச்சரிக்கையைத் தேதி, நேரத்தோடு வாசியுங்கள். நேற்றைய எச்சரிக்கையை இன்று வாசித்தால் மீனவர் ஒருவரின் ஒரு நாள் கூலி போகும்.

2024 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டுதல் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்த்தியது; அரசு விளம்பரக் கட்டணம் 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயானது. அனுமதிக் காலமும் பத்து ஆண்டாகியிருக்கிறது. ஆலோசனை, நிகழ்ச்சிக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பன்னிரண்டு நிமிடத்தையும் விற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நமக்கு உள்ள பெரிய ஆபத்து மழையோ பணமோ அல்ல. இயந்திரம் தெரிந்த மாணவர்கள் ஏப்ரலில் தேர்வெழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். புதியவர்கள் ஜூனில் வருகிறார்கள். இடையில் நிலையத்தைப் பார்த்துக்கொள்வது யார்? டிரான்ஸ்மிட்டர் அருகே வைத்திருக்கும் நோட்டில் மணிக்கு ஒருமுறை நேரம், போகும் வாட், திரும்பும் வாட் மூன்றையும் எழுதிவந்ததால்தான் இந்தப் பழுதில் திரும்பும் அளவு மழையில் ஏறி வெயிலில் இறங்குவது கண்ணில் பட்டது. அந்த நோட்டை வாசிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் அது வெறும் எண்கள்தான்.

ஆகவே பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் செயற்குழு வைக்கும் தீர்மானங்கள்: பொறுப்பு மாற்றம் இனி ஜூனில் அல்ல, டிசம்பரில் தொடங்கும், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒரு பருவம் முழுக்க மூத்தவரோடு பணிமுறையில் உட்கார்வார். டம்மி லோடு பூட்டுவதையும் கனெக்டருக்கு டேப் சுற்றுவதையும் தன் கையால் செய்து காட்டிய பிறகே ஒருவருக்கு டிரான்ஸ்மிட்டர் அறைச் சாவி தரப்படும். கலைவிழாப் பதிவுகள் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. விடுபடும் நேரம் ஊர்ப் பதிவுகளுக்குப் போகும். உறுப்பினர்கள் விவாதித்து முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்