ரத்தப் புற்றுநோய்க்கு ஒரே மாத்திரையா?

ஆசிரியருக்கு,

வணக்கம். இமாடினிப் என்ற மாத்திரையை நோயாளிகளிடம் சோதித்துக் காட்டிய அமெரிக்க டாக்டர் பிரையன் டிரக்கரின் ஆய்வைப் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையில் குறை சொல்ல அதிகம் இல்லை. வம்பு தலைப்பில்தான். ‘ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு மாத்திரை’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டீர்கள்.

மறுநாளே எதிர்வீட்டு அம்மா இதழை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அவருடைய ஏழு வயதுப் பேரனுக்குக் கழுத்தில் நெறி கட்டி, லிம்ஃபோமா, அதாவது நிணநீர் மண்டலத்துப் புற்றுநோய், என்று தெரிந்து, நான்கு மாதமாகக் கீமோ ஏறுகிறது. தலைமுடி கொட்டிவிட்டது, வாயெல்லாம் புண். “டீச்சர், உங்க தம்பி சாப்புடுறாரே, அந்த மாத்திரையப் பையனுக்கும் குடுத்தா இன்னா? ஊசியாவது நிக்கும்ல?” என்றார்.

என் தம்பிக்கு வந்தது நாள்பட்ட மைலாய்டு லுகேமியா, வெள்ளணு கட்டுமீறிப் பெருகுகிற ஒரு வகை ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் சி.எம்.எல். என்பார்கள். 2014இல் இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று போனான். மண்ணீரல் வீங்கியிருந்தது, வெள்ளணு ஒரு லட்சத்து எண்பதாயிரம், இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. அன்று தொடங்கி தினமும் 400 மில்லிகிராம் இமாடினிப். இன்றும் பாரிமுனையில் லாரி புக்கிங் ஆபீசுக்குப் போய்வருகிறான்.

டிரக்கரின் மருந்து அவனுக்குக் கேட்டதற்குக் காரணம், அந்த நோய்க்கென்று ஓர் அடையாளம் இருப்பதுதான். 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நோவல், ஹங்கர்ஃபோர்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள், இந்த நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் (பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் இழை) குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதால் அப்படி ஆகிறது என்று 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற பெண் மருத்துவர் காட்டினார். குரோமோசோம் படங்களைக் கத்தரித்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி ஜோடி சேர்த்தவர். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். இந்த அம்மையாருக்கு உங்கள் கட்டுரையில் அரை வரிதான். எனக்கு வருத்தம்.

அந்தத் துண்டு மாற்றத்தில் உண்டாகிற புரதம் வெள்ளணுவைப் பெருக்கு, பெருக்கு என்று ஓயாமல் ஏவுகிறது. இமாடினிப் அந்த ஏவலை அடைக்கிறது. அதற்கு முன்பு கொடுத்துவந்த இன்டர்ஃபெரான் என்ற ஊசி மருந்துக்குக் கேட்காதவர்களில், தினம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக் கணக்கு சீரானது என்று 2001இல் டிரக்கர் குழு எழுதியது. வேறு சில நோய்களுக்கும் இதைக் கொடுக்கிறார்கள். அங்கேயும் அதற்குரிய காரணம் பரிசோதனையில் தெரிய வேண்டும். பேரனின் லிம்ஃபோமா வேறு நோய், மருந்தும் வேறு. முறையாகக் கீமோ ஏற்றினால் பல பிள்ளைகள் முழுக்கக் குணமாகிற நோய் அது. பாதியில் நிறுத்தினால்தான் ஆபத்து. இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

நிறுத்துவது என்றதும் தம்பியின் கூத்தும் ஞாபகம் வருகிறது. கணக்கு சரியாகிவிட்டது, மாத்திரை உடம்புக்குச் சூடு என்று எந்த உறவுக்காரரோ சொல்ல, எங்களுக்குத் தெரியாமல் நான்கு மாதம் விட்டுவிட்டான். ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பி.சி.ஆர். பரிசோதனையை அடுத்து எடுத்தபோது நோய் திரும்ப ஏறியிருந்தது. டாக்டர் திட்டிய திட்டு வராந்தா வரை கேட்டது. தினமும் விடாமல் சாப்பிட வேண்டும் என்பது உங்கள் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை.

அப்புறம் விலை. அதையும் விட்டுவிட்டீர்கள். இமாடினிப்பை முதலில் கொண்டுவந்த நோவார்ட்டிஸ் என்ற வெளிநாட்டுக் கம்பெனியின் மருந்து மாதம் சுமார் 1,20,000 ரூபாய், உள்நாட்டுத் தயாரிப்பு எட்டாயிரம், பத்தாயிரம் என்று அந்த நாளில் செய்தித்தாள்களில் வந்தது. காப்புரிமை கிடைத்தால் உள்நாட்டில் யாரும் அதைச் செய்ய முடியாது. நோவார்ட்டிஸின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் நிராகரித்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு டெல்லி வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றது. அதற்கு அடுத்த வருடம்தான் தம்பி நோயாளி ஆனான். எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வேண்டுகோள். அந்த மாத்திரை எந்த நோய்க்கு என்று, தலைப்புப் போட்ட அதே அளவு எழுத்தில் அடுத்த இதழில் போடுங்கள். பேரனுக்கு அடுத்த கீமோ வருகிற வெள்ளிக்கிழமை. கூட்டிப்போகிறேன் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். ஆனாலும் உங்கள் இதழ் இன்னும் அவர் வீட்டு டிவி மேல்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை
(தம்பிக்காகப் பெயர் வேண்டாம்)