குரோமியக் கழிவிலிருந்து கசியும் மஞ்சள் நீரைத் தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்
சிப்காட்டை ஒட்டிய பகுதி மக்கள்,
ராணிப்பேட்டை.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ராணிப்பேட்டை மாவட்டம்.

பொருள்: மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு – மழைக்கு முன் கசிவைத் தடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் சிப்காட்டில் 1970களில் தொடங்கிய குரோமேட் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. தோல் பதனிடும் குரோம் உப்பு அங்கே தயாரானது. எங்களில் சிலர் வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் உலை கொதித்தது, அதை மறைக்கவில்லை. ஆலை நின்றும் கழிவு மட்டும் நிற்கிறது, 1.5 லட்சம் டன்னுக்குக் குறையாமல்.

வெயிலில் பார்த்தால் வெறும் மண்மேடுதான். மழை பிடித்தால் மதிலோரக் கால்வாயில் மஞ்சள் தண்ணீர் இறங்கும். மழை விட்டுக் காய்ந்ததும் செங்கல் சந்துகளில் எலுமிச்சை நிறத்தில் பொடி பூத்திருக்கும். மஞ்சள் நீர் என்றால் நமக்குச் சுபகாரியம். இங்கே அதைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறோம். குரோமியத் தாதுவைச் சலவைச் சோடாவுடன் வறுத்து, நீரில் கரைத்தெடுத்த பின் மிஞ்சிய சக்கை இது. இதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) தண்ணீரில் சுலபமாகக் கரையும், புற்றுநோய் தரக்கூடியது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. எங்கள் கிணறுகளில் எவ்வளவு? பலமுறை வந்து பாட்டிலில் பிடித்துப் போனார்கள். முடிவை எங்களிடம் ஒருவரும் காட்டியதில்லை.

பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே ஆலைக் கதவில் பூட்டுதான் தொங்குகிறது. செலவு யார் தலையில் என்று பேசி முடிக்கும்வரை மழை காத்திருக்காது.

கழிவு முழுவதையும் அப்புறப்படுத்த நாளாகும், புரிகிறது. எனவே வடகிழக்குப் பருவமழைக்கு முன் மேட்டின் மேல் நீர் புகாத விரிப்பு போட்டு, சுற்றிலும் வடிகால் வெட்டி, கசிவு நீரைத் தொட்டியில் தேக்கிச் சுத்திகரிக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகளை வார்டு வாரியாகத் தமிழில் ஒட்ட வேண்டும். கெட்டுப்போன கிணற்றை நம்பியிருக்கும் தெருக்களுக்கு அதுவரை லாரித் தண்ணீராவது வர வேண்டும். முழுச் சீரமைப்பு எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

நேரில் பார்வையிட வருவதானால், ஐயா, மழை பெய்த மறுநாள் வாருங்கள்.

இப்படிக்கு,
பகுதி மக்கள்

இணைப்பு: கையெழுத்துப் படிவம், கால்வாயின் புகைப்படங்கள்