லவுஞ்ச் மேசையில் இருந்தவருக்கு

விமான நிலையங்களில் முதல் வகுப்புப் பயணிகள் காத்திருக்கும் லவுஞ்சுகள் பலவற்றில் விமான அறிவிப்பே கிடையாது; அமைதிக்காகவாம். குளியல், சாப்பாடு, குட்டித் தூக்கம் என்று இருந்தால் கேட் மாறியதுகூடத் தெரியாது. பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 15, 20 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள்.

நீங்களோ யாரும் கேட்காமலே என் போர்டிங் பாஸை வாங்கிப் பார்த்தீர்கள். அச்சிட்டிருந்த கேட் பழையது என்று கண்டு புதிய பாஸ் எடுத்துத் தந்தீர்கள். பெட்டிக்கான சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்றும் சரிபார்த்தீர்கள். இல்லையென்றால் பெட்டி இடையிலேயே இறங்கிவிடும். குளியலறைக்கு உடனே பெயர் பதிந்தீர்கள். புதிய கேட்டுக்கு விமான நிலையத்துக்குள்ளேயே ஓடும் ரயிலில் போக வேண்டும், சீக்கிரமே கிளம்புங்கள் என்று துண்டுச்சீட்டில் எழுதியும் கொடுத்தீர்கள். நேரமானதும் வந்து எழுப்பியதும் நீங்கள்தான்!

இது உங்கள் கண்ணில் பட வேண்டும். ரொம்ப நன்றிங்க.